ஏப்ரலில் வந்த அழைப்பு, செப்டம்பரில் சொன்ன செய்தி: ஒரு ரிசர்விஸ்ட்டின் எம்பிஏ

ராணுவப் பயிற்சி முகாமுக்கு வரச்சொல்லி அழைப்பு வந்தது ஏப்ரலில். அதை அவர் மேலாளரிடம் சொன்னது செப்டம்பரில். இந்த ஆய்வில் வரும் சிக்கல்களில் முக்கால்வாசி அந்த ஐந்து மாத இடைவெளியில் முளைத்தவை. மீதிக் கால்வாசிக்குத்தான் ராணுவம், பல்கலைக்கழகம், நிறுவனம் மூன்றும் பொறுப்பு. இதை அவரே ஒத்துக்கொண்ட பிறகுதான் நான் எழுத உட்கார்ந்தேன்.

அவர் சிங்கப்பூர்த் தமிழர். 2023இல் வயது 32. காலாட்படை பட்டாலியன் ஒன்றில் ரிசர்விஸ்ட் கேப்டன், அதாவது கூப்பிடும்போது மட்டும் சீருடை போடும் அதிகாரி; அங்கே ஒரு கம்பெனியின் துணைத் தளபதி. பிழைப்புக்குச் சரக்குப் போக்குவரத்து நிறுவனம் ஒன்றில் செயல்பாட்டு மேலாளர். வாரத்தில் இரண்டு மாலையும் சனிக்கிழமையும் பகுதிநேர எம்பிஏ மாணவர். வீட்டில் வேலைக்குப் போகும் மனைவி, இரண்டு வயதுப் பெண் குழந்தை. பெயர், நிறுவனம், பல்கலைக்கழகம், பட்டாலியன் எண் எதுவும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். ஆகவே இங்கே அவர் வெறும் கேப்டன்.

நானும் அவரும் சில ஆண்டுகள் ஒரே பட்டாலியனில் இருந்தோம். நான் சார்ஜண்ட். என் ரிசர்விஸ்ட் சுற்று முடிந்துவிட்டது. இப்போது மனிதவளத் துறையில் இருக்கிறேன். முகாமுக்குள் நான் அவரை 'சார்' என்பேன். கேட்டைத் தாண்டி வெளியே வந்தால் அவர் என்னை 'அண்ணே' என்பார். இரண்டு மரியாதையும் இந்தக் கட்டுரையில் கொஞ்சம் கலந்துதான் கிடக்கும்.

யாருக்கு எத்தனை நாள்

தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்கு ரிசர்வ் படை என்றால் சட்டென்று நினைவுக்கு வருவது தோனிதான். 2011இல் டெரிடோரியல் ஆர்மி அவருக்குக் கௌரவ லெப்டினன்ட் கர்னல் பதவி கொடுத்தது. 2019 உலகக் கோப்பை முடிந்ததும் காஷ்மீரில் பாரா பட்டாலியனோடு இரண்டு வாரம் இருந்துவிட்டு வந்தார். டெரிடோரியல் ஆர்மி, வேலையில் இருப்பவர்கள் விருப்பப்பட்டுச் சேரும் படை. சிங்கப்பூரில் விருப்பம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

1967இல் இங்கே தேசிய சேவை கட்டாயமானது. இன்று 18 வயதை எட்டும் குடிமக்களான ஆண்கள் எல்லோரும் இரண்டு ஆண்டு முழுநேரம் சேவை செய்ய வேண்டும். 2004 வரை அது இரண்டரை ஆண்டாக இருந்தது. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், நம் ஆட்கள் அடிக்கடி கேட்பது. தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்து நிரந்தரவாசி ஆன அப்பாவுக்கு விலக்கு உண்டு. அவர் வழியாக நிரந்தரவாசியான மகனுக்குக் கிடையாது.

இரண்டு ஆண்டு முடிந்ததும் வீட்டுக்கு வந்துவிடலாம், ஆனால் கணக்கு முடியாது. அடுத்து பத்து ஆண்டுச் சுற்று. ஒவ்வோர் ஆண்டும் 40 நாள் வரை கூப்பிடலாம். அரசாங்கத் தமிழில் இவர்கள் 'தயார்நிலைத் தேசிய சேவையாளர்கள்'. கோப்பிக்கடையில் எல்லோரும் சொல்வது ரிசர்விஸ்ட்தான். முகாம் பயிற்சிக்குப் பெயர் ஐசிடி. அதில் லோ-கீ என்றால் சில நாள், பெரும்பாலும் வகுப்பும் துப்பாக்கிச் சுடுதலும். ஹை-கீ என்றால் இரண்டு மூன்று வாரம், காட்டில் படுக்கை. சாதாரண வீரர்களுக்கும் சார்ஜண்ட்களுக்கும் 40 வயது வரை கடமை, அதிகாரிகளுக்கு 50 வரை.

அதிகாரிக்கு நாள்கணக்கு காகிதத்தில் உள்ளதைவிட எப்போதும் நீளம். மற்றவர்கள் திங்கட்கிழமை பையைத் தூக்கிக்கொண்டு வந்தால் போதும். கம்பெனியின் துணைத் தளபதி அதற்குச் சில நாள் முன்பே போய் ஆயுதக் கணக்கு, வண்டிக் கணக்கு, சாப்பாட்டுக் கணக்கு எல்லாம் பார்த்தாக வேண்டும். அதற்கும் முன்னால் ஒன்றிரண்டு மாலைக் கூட்டங்கள் இருக்கும்.

மூன்று நாட்காட்டிகள்

2023 ஏப்ரல் இரண்டாம் வாரம் கேப்டனின் போனில் எஸ்ஏஎஃப் 100 வந்தது. அழைப்பாணைக்கு அதுதான் பெயர். அக்டோபரில் ஹை-கீ, அவருக்கு மொத்தம் 16 நாள். அதுவும் சும்மா பயிற்சி இல்லை, பட்டாலியனின் மதிப்பீட்டு ஆண்டு. வெளியிலிருந்து மதிப்பீட்டாளர்கள் வந்து, மூன்று இரவு காட்டில் கூடவே நடந்து, படைக்கு மதிப்பெண் போடுவார்கள்.

எம்பிஏவில் அது நிதி மேலாண்மை எடுக்கும் பருவம். மொத்தம் பத்து வகுப்பு. இடைத்தேர்வு, ஐசிடியின் இரண்டாம் வாரத்தில் ஒரு புதன்கிழமை மாலை. ஐந்து பேர் குழு வகுப்பில் செய்ய வேண்டிய படைப்பு (பிரசன்டேஷன்), முகாமிலிருந்து வெளியே வரும் நாளுக்கு மறுநாள் சனிக்கிழமை. கூடவே ஒரு நுணுக்கம். வணிகப் பள்ளிகளில் நிகழ்வாய்வுகளை (கேஸ் ஸ்டடி) வைத்துத்தான் பாடம் நடக்கும். வகுப்பில் வாய் திறந்து வாதிடுவதற்கே மதிப்பெண் உண்டு. இவருடைய பாடத்தில் அது 25 சதவீதம். பத்தில் மூன்று வகுப்புக்குப் போகாதவர் அந்த மூன்றிலும் ஊமை.

நிறுவனத்தில், பெரிய வாடிக்கையாளர் ஒருவரின் கிடங்கு ஒப்பந்தம் முடிகிறது. புதுப்பிப்பதற்கான டெண்டரைத் தயாரிக்கும் குழுவுக்குக் கேப்டன் தலைவர். மே மாதம் அந்த வாடிக்கையாளர் ஒரு கேள்வி கேட்டார்: விலைப்புள்ளி கொடுக்கும் கடைசி நாளை அக்டோபர் மூன்றாம் வாரம் வைக்கலாமா, நவம்பர் நடுவில் வைக்கலாமா, உங்களுக்கு எது வசதி?

மேலாளர் அக்டோபரைச் சொன்னார். சீக்கிரம் முடிந்தால் நல்லதுதானே என்பது அவர் எண்ணம். கேப்டன் அந்தக் கூட்டத்தில் இருந்தார். வாயைத் திறக்கவில்லை.

இந்தக் கதையில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது அந்த ஒரு நிமிட மௌனம். ஏன் சொல்லவில்லை என்று மூன்று முறை கேட்டேன். முதல் முறை, "தேதி மாறும்னு நினைச்சேன் அண்ணே" என்றார். தேதிகள் சில சமயம் மாறும், உண்மைதான். இரண்டாம் முறை, "வேலை மும்முரத்துல மறந்துட்டேன்" என்றார். பதினாறு நாள் காட்டுக்குப் போவதை யாரும் மறப்பதில்லை. மூன்றாம் முறைதான் உண்மை வந்தது. "சொன்னா டெண்டரை வேற ஆள்கிட்ட குடுத்துடுவாங்க. ஜனவரியில பதவி உயர்வுப் பட்டியல் வருது."

அந்தப் பயத்தை முட்டாள்தனம் என்று தள்ளிவிட என்னால் முடியவில்லை. மனிதவளத்தில் இருக்கிறேன், உள்ளே என்ன பேசுவார்கள் என்று தெரியும். அவருடைய குழுவில் பன்னிரண்டு பேர். அதில் அழைப்பு வரக்கூடியவர்கள் மூன்றே பேர். மற்றவர்கள் பெண்கள், வெளிநாட்டினர், அல்லது சுற்றை முடித்தவர்கள். மேலாளரே மூன்று ஆண்டு முன்னால் வேறு நாட்டிலிருந்து வந்தவர். 'ரிசர்விஸ்ட்' என்ற சொல் அவர் காதில் 'நீண்ட விடுப்பு' என்றுதான் விழும்.

இருந்த வழிகள்

ஜூலையில் கேப்டன் ஒரு தாளில் மூன்று வழிகளை எழுதினார். அந்தத் தாளை எனக்குக் காட்டினார்.

முதலாவது, டிஃபர் கேட்பது, அதாவது பயிற்சியைத் தள்ளிவைக்கச் சொல்வது. தேர்வு, மனைவியின் பிரசவம், புதிய வேலை போன்ற காரணங்களுக்குப் பட்டாலியன் தளபதி பார்த்து அனுமதிக்கலாம். கேப்டன் ஏற்கெனவே இரண்டு முறை வாங்கியவர். 2018இல் வேலை மாறியபோது ஒன்று, 2021இல் குழந்தை பிறந்தபோது ஒன்று. இரண்டுமே நியாயமான காரணங்கள். ஆனால் தள்ளிவைத்த ஆண்டு சுற்றுக்கணக்கில் சேராது. அது காணாமல் போவதில்லை. வரிசையின் கடைசியில் போய் நிற்கும். இவரோடு தொடங்கியவர்கள் பலர் முடிவை நெருங்கிக்கொண்டிருந்தபோது இவருக்கு இன்னும் நான்கு மீதம். இருபதுகளின் கடைசியில் தள்ளிவைத்த சுமை, முப்பதுகளில் எம்பிஏவும் குழந்தையும் பதவி உயர்வும் ஒரே மேசையில் கிடக்கும்போது வந்து கதவைத் தட்டியது. இளைய அதிகாரிகளிடம் இதை நான் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது: வேலை சின்னதாக இருக்கும்போதே முகாமை முடித்துவிடுங்கள்.

இரண்டாவது, பாடத்தை அந்தப் பருவத்தில் எடுக்காமல் விடுவது. விட்டால் அடுத்து வரும் இரண்டு பாடங்களை எடுக்க முடியாது, நிதி மேலாண்மை அவற்றுக்கு முன்பாடம். பட்டம் அரையாண்டு தள்ளிப்போகும். கட்டணம் முழுக்கக் கைக்காசு.

மூன்றாவது, எல்லாவற்றையும் செய்வது. கீழே கோடு போட்டு, பக்கத்தில் 'தூக்கம்?' என்று எழுதியிருந்தார்.

தளபதியைப் பார்க்கப் போனார். அவரும் ரிசர்விஸ்ட்தான், வெளியில் சொந்தமாகச் சிறு நிறுவனம் நடத்துபவர். டிஃபர் மனுவை நிராகரிக்கவில்லை. "மதிப்பீட்டு ஆண்டு. துணைத் தளபதி இல்லாமல் உங்கள் கம்பெனியை அனுப்பினால் நூறு பேருடைய உழைப்பு பாதியில் நிற்கும். முடிவு உங்களுடையது. வந்தால் தேர்வுக்கு அரைநாள் அனுமதி தருகிறேன்" என்றார். இப்படிச் சொன்னால் எந்த அதிகாரி வராமல் இருப்பான்? உத்தரவு போட்டிருந்தால்கூடக் கொஞ்சம் முரண்டு பிடித்திருக்கலாம்.

கேப்டன் மூன்றாவது வழியைத் தேர்ந்தெடுத்தார். அப்போதும் மேலாளரிடம் சொல்லவில்லை. செப்டம்பர் மூன்றாம் வாரம், விடுப்புப் படிவம் போட்டே ஆக வேண்டிய நேரம் வந்ததும் சொன்னார்.

பதினாறு நாள்

மேலாளர் கத்தவில்லை. "சட்டப்படி உங்களுக்கு உரிமை உண்டு, போய் வாருங்கள்" என்றார். அடுத்த நாள் டெண்டர் குழுவின் தலைவர் பெயர் மாறியது. அதுவரை துணையாக இருந்த சக ஊழியர் ஒருவர் பொறுப்பேற்றார், ரிசர்விஸ்ட் கடமை இல்லாதவர். அவர் மேல் குற்றம் சொல்ல எதுவுமில்லை. மூன்று வாரத்தில் ஐந்து மாத வேலையை விழுங்கிப் படித்து, இரவு பகல் உட்கார்ந்து முடித்தார். டெண்டர் கிடைத்தது.

படிப்புக் குழுவில் கேப்டன் தன் பங்கை முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் போனார். அதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் அவர் காட்டில் இருந்தபோது மற்ற நால்வரும் ஆய்வு செய்யும் நிறுவனத்தையே மாற்றிவிட்டார்கள். பேராசிரியர் சொன்ன ஒரு திருத்தத்தால் அது தேவைப்பட்டது. அவர் கொடுத்த எட்டுப் பக்கமும் வீண். வாட்ஸ்அப்பில் கேள்வி மேல் கேள்வி வந்து குவிந்தது, பதில் சொல்ல ஆள் இல்லை. களப்பயிற்சிக்குப் போனால் போன் பெட்டிக்குள் போய்விடும். குழுவில் இருந்த ஒரு பெண், வங்கியில் வேலை பார்ப்பவர், சீனாவிலிருந்து வந்தவர். நான்கு நாள் போனை அணைத்து வைப்பார் ஒருவர் என்பதையே அவரால் நம்ப முடியவில்லையாம். இவர் தட்டிக்கழிக்கிறார் என்று நினைத்துவிட்டார்.

புதன்கிழமை மாலை தளபதி சொன்னபடி அனுமதி கிடைத்தது. தீவின் மேற்குக் கோடியில் இருக்கும் முகாமிலிருந்து டாக்சி. டாக்சிக்குள்ளேயே சட்டை மாற்றினார். முகத்தில் பூசிய கறுப்பு காதோரம் போகவில்லை. முந்தைய இரவு தூங்கியது மூன்று மணி நேரம். தேர்வுத்தாளில் மூலதனச் செலவு விகிதம் கணக்கிடச் சொன்ன கேள்விக்கு, வரியைக் கழிக்க மறந்து முழுப் பக்கமும் போட்டிருக்கிறார். கிடைத்தது பி மைனஸ். ஒன்பது மணிக்குத் தேர்வு முடிந்து மறுபடி டாக்சி, மறுபடி காடு.

மதிப்பீட்டில் அவருடைய கம்பெனி நன்றாகச் செய்தது. அது எந்தச் சுயவிவரத்திலும் ஏறாது.

அதே அக்டோபரில்தான் இஸ்ரேல் மூன்று லட்சத்துக்கும் அதிகமான ரிசர்விஸ்ட்களைத் திரட்டியது. முகாமில் எல்லோரும் அதைப் பற்றித்தான் பேசினார்களாம். போரையும் பயிற்சியையும் ஒப்பிட முடியாது, தெரியும். ஆனால் படிப்பு விஷயத்தில் ஒரு வேறுபாடு கவனிக்க வேண்டியது. அங்கே பல்கலைக்கழகங்கள் கல்வியாண்டின் தொடக்கத்தையே டிசம்பர் கடைசிக்குத் தள்ளிவைத்தன. அவ்வளவு மாணவர்கள் சீருடையில் இருந்தால் நாட்காட்டியே நகர்ந்தாக வேண்டும். கேப்டனின் வகுப்பில் நாற்பது பேர், அழைப்பு வரக்கூடியவர்கள் ஐந்து பேர், அந்த மாதம் போனவர் ஒருவர். ஒருவருக்காக நாட்காட்டி நகராது. பல்கலைக்கழகம் அவர் வராததை முறையான காரணமாக ஏற்றுக்கொண்டது, வருகைப்பதிவில் கை வைக்கவில்லை. பேச்சு மதிப்பெண்ணுக்கு மட்டும் மாற்று ஏற்பாடு இல்லை என்று கண்ணியமாக ஒரு மின்னஞ்சல் அனுப்பியது.

நாற்காலியும் எஸ்கலேட்டரும்

சம்பளத்தில் ஒரு வெள்ளிகூட (சிங்கப்பூர் டாலர்) குறையவில்லை. இந்த ஏற்பாடு சிங்கப்பூரில் உண்மையிலேயே ஒழுங்கு. முகாமில் இருந்த நாட்களுக்கான சம்பளத்தைத் தற்காப்பு அமைச்சு ஈடுகட்டும். அதை மேக்-அப் பே என்பார்கள். முதலாளி கொடுத்துவிட்டுத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். 2023இல் மாதம் 1,600 வெள்ளி என்று அடிப்படைச் சம்பளமும் வந்தது, சொந்தத் தொழில் செய்பவர்களுக்கும் குறைந்த வருமானக்காரர்களுக்கும் அது கைகொடுக்கும். வருமான வரியில் கழிவு உண்டு. படைச்சேர்ப்புச் சட்டப்படி முதலாளி விடுப்பு கொடுத்தே ஆக வேண்டும். நியாயமான வேலை நியமனத்துக்கான முத்தரப்பு வழிகாட்டிகள், ரிசர்விஸ்ட் கடமையைக் காட்டி ஆளை ஒதுக்காதே என்கின்றன.

இவ்வளவும் சேர்ந்து கேப்டனின் நாற்காலியைக் காப்பாற்றியது. திரும்பி வந்தபோது மேசை அப்படியே இருந்தது. டெண்டர்தான் இல்லை.

ஜனவரியில் பதவி உயர்வு அந்தச் சக ஊழியருக்குப் போனது. கேப்டனின் ஆண்டு மதிப்பீட்டை, அவர் அனுமதியோடு, வரிவரியாகப் படித்தேன். பாரபட்சம் எங்கே என்று தேடினால் கிடைக்காது. ஐசிடி என்ற சொல்லே இல்லை. கடைசிக் காலாண்டில் என்ன சாதித்தார் என்ற கட்டத்தில் மட்டும் எழுத ஒன்றும் இருக்கவில்லை. சட்டத்தின் கண்ணுக்கு அது தெரியாது. நானே அந்த நிறுவனத்தின் மனிதவள அதிகாரியாக இருந்திருந்தால், அதில் கையெழுத்துப் போட்டிருப்பேன்.

இந்த இடத்தில் அமெரிக்கச் சட்டம் கொஞ்சம் வேறு மாதிரி யோசிக்கிறது. அங்கே நேஷனல் கார்டு, ரிசர்வ் ஆட்களுக்கு வழக்கமான கணக்கு மாதம் ஒரு வாரயிறுதி, ஆண்டுக்கு இரண்டு வாரம். அனுப்பினால் மாதக்கணக்கில் வெளிநாட்டில் இருக்க வேண்டும். அவர்களுக்காக 1994இல் 'யுசெரா' என்ற சட்டம் வந்தது. அதன் உயிர்நாடி 'எஸ்கலேட்டர்' கொள்கை. இரண்டாம் உலகப் போர் முடிந்து திரும்பியவர்கள் பற்றிய வழக்கில் 1946இலேயே அந்நாட்டு உச்ச நீதிமன்றம் சொன்ன உவமை அது. போரிலிருந்து திரும்புபவன் எஸ்கலேட்டரில் தான் இறங்கிய படியில் ஏறக்கூடாது. இறங்காமலே இருந்திருந்தால் இந்நேரம் எந்தப் படிக்குப் போயிருப்பானோ, அந்தப் படியில் ஏற வேண்டும்.

கேட்க அழகாக இருக்கிறது. பணிமூப்பு, ஓய்வூதியம், தானாக ஏறும் சம்பளம் என்று நேர்க்கோட்டில் போகும் விஷயங்களுக்கு அது பொருந்தும். கேப்டனின் அலுவலகத்தில் எஸ்கலேட்டரே கிடையாதே. அங்கே இருப்பது ஏணி, அதுவும் யார் முதலில் கை வைக்கிறார்களோ அவருக்கு. அந்த டெண்டர் கேப்டன் கையில் இருந்திருந்தால் வென்றிருப்பாரா என்பதை எந்த நீதிமன்றம் சொல்லும்?

மேலாளரிடமும் பேசினேன். நான் எதிர்பார்த்த ஆள் இல்லை அவர். வாடிக்கையாளர் மே மாதம் கேட்ட கேள்வியை அவரே எடுத்தார். "எனக்கு ஏப்ரலிலேயே தெரிந்திருந்தால் நவம்பர் என்று சொல்லியிருப்பேன். எனக்கு அந்த மூன்று வாரம் ஒரு பொருட்டே இல்லை. அவர்தான் எனக்குப் பொருட்டு." இதைக் கேப்டனிடம் சொன்னபோது கொஞ்ச நேரம் தேநீரைக் கலக்கிக்கொண்டே இருந்தார். சர்க்கரை போடாத தேநீர்.

மேலாளர் உண்மையிலேயே அப்படிச் செய்திருப்பாரா, இப்போது பெருந்தன்மையாகப் பேசுகிறாரா? பின்னால் இருந்து பார்க்கும்போது எல்லோரும் நல்லவர்கள்தான். ஆனால் செப்டம்பரில் அவருக்கு வேறு வழியே வைக்கப்படவில்லை என்பது மட்டும் உறுதி.

ஓட்டம்

ஒரு சின்ன விஷயம், ஆனால் ஆளை அரிக்கும் விஷயம். ஆண்டுக்கு ஒருமுறை ஐபிபிடி என்ற உடற்தகுதித் தேர்வு உண்டு: புஷ்-அப், சிட்-அப், 2.4 கிலோமீட்டர் ஓட்டம். தங்கத் தரத்துக்கு 85 மதிப்பெண், 500 வெள்ளி பரிசு. கேப்டன் இருபதுகளில் ஆண்டுதோறும் தங்கம். எம்பிஏ தொடங்கியதும் ஓடுகிற மாலைகளெல்லாம் வகுப்புக்குப் போய்விட்டன. அந்த ஆண்டு தேறவே இல்லை. தேறாவிட்டால் என்எஸ் ஃபிட் என்று பத்து முறை பயிற்சிக்குப் போக வேண்டும். வாரத்தில் மீந்திருந்த ஒரே மாலையும் அதற்குப் போயிற்று. மூன்று நாட்காட்டி என்று மேலே எழுதினேன். நான்காவது ஒன்று உடம்புக்குள் இருந்தது, அதற்கு யாரும் முன்னறிவிப்பு அனுப்புவதில்லை.

அடுத்த ஆண்டு

2024 பிப்ரவரியில், சீனப் புத்தாண்டு விடுமுறையில், என் வீட்டுக்கு வந்தார். பேச்சுவாக்கில் நான் ஒன்று கேட்டேன். "சார், காட்டுல எங்களுக்கு எப்படி உத்தரவு குடுப்பீங்க?"

ராணுவத்தில் வார்னிங் ஆர்டர் என்று ஒன்று உண்டு. மேலிடத்திலிருந்து வேலை வந்ததும், முழுத் திட்டமும் தயாராகும்வரை தளபதி காத்திருக்க மாட்டார். என்ன வேலை, எப்போது கிளம்ப வேண்டும், இப்போதே எதைத் தொடங்கலாம் என்று தெரிந்த அளவுக்குக் கீழே சொல்லிவிடுவார். கையில் உள்ள நேரத்தில் மூன்றில் ஒரு பங்குதான் அவர் திட்டமிட. மீதி இரண்டு பங்கு கீழே உள்ளவர்கள் தயாராக. பயிற்சிப் பள்ளியில் எல்லா அதிகாரியும் மனப்பாடம் செய்வது இது. கேப்டன் 2023இல் செய்தது நேர் எதிர். ஆறு மாதத்தில் ஐந்து மாதத்தைத் தன்னிடமே வைத்துக்கொண்டு, மற்றவர்களுக்கு மூன்று வாரம் கொடுத்தார். காட்டில் எந்தச் சார்ஜண்டுக்கும் அவர் இப்படிச் செய்திருக்க மாட்டார். நான் சாட்சி.

அவர் பதில் சொல்லவில்லை. முறுக்கு ஒன்றை எடுத்து உடைத்தார்.

2024க்கான அழைப்பு மார்ச்சில் வந்தது. செப்டம்பரில் லோ-கீ, ஐந்து நாள். வந்த ஒரு மணி நேரத்துக்குள் மூன்று மின்னஞ்சல் போனது. மேலாளருக்கு, படிப்புக் குழுவுக்கு, எம்பிஏ அலுவலகத்துக்கு. எல்லாம் ஒரே அச்சு: எந்தத் தேதி, எந்த நேரத்தில் போன் இருக்கும், எப்போது இருக்காது, போவதற்குமுன் எதை முடித்துத் தருவேன், நான் இல்லாதபோது யாரைக் கேட்கலாம், எந்த முடிவை எனக்காகக் காத்திருக்காமல் எடுக்கலாம். கடைசி வரியைத்தான் நான் பாராட்டுவேன். முந்தைய ஆண்டு படிப்புக் குழுவில் புகைந்தது அது இல்லாததால்தான்.

விளைவு பாதிக்குப் பாதி. மேலாளர் அவருக்கு ஒரு புதிய திட்டத்தைக் கொடுத்தார், ஆனால் இன்னொருவரோடு கூட்டுத் தலைமை. அது நம்பிக்கையா முன்னெச்சரிக்கையா என்று இன்னும் அவருக்கு விளங்கவில்லை. எனக்கும்தான். எம்பிஏவில் செப்டம்பர் பருவத்துக்கு ஒரே ஒரு பாடம் எடுத்தார், பட்டம் ஒரு பருவம் தள்ளிப்போனது. அதாவது முந்தைய ஆண்டு வேண்டாம் என்று கோடுபோட்ட இரண்டாவது வழிக்கே வந்து சேர்ந்தார். படிப்புக் குழுவில் ஒரு வழக்கத்தைப் புகுத்தினார். முகாமில் எந்தப் பயிற்சி முடிந்தாலும் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து, என்ன நடக்க வேண்டியிருந்தது, என்ன நடந்தது, ஏன் என்று பதவி பார்க்காமல் பேசுவார்கள். ஒவ்வொரு படைப்புக்குப் பிறகும் அதையே இருபது நிமிடம் செய்தார்கள். போனை அணைத்து வைத்ததை நம்பாத அந்த வங்கிப் பெண்தான் இப்போது அதை விடாமல் நடத்துகிறாராம்.

இந்த முழுக் கதையிலும் நான் பேசாமல் விட்ட ஒருவர் உண்டு. அந்தப் பதினாறு நாளும் குழந்தையைக் குழந்தைப் பராமரிப்பு நிலையத்தில் விட்டு, அலுவலகம் போய், ஆறரைக்குள் ஓடிவந்து கூப்பிட்டுப்போனவர். நடுவில் குழந்தைக்குக் காய்ச்சல் வேறு. அதற்கு மேக்-அப் பே கிடையாது. கட்டுரையை எழுதி முடித்துக் கேப்டனுக்கு அனுப்பியபோது அவர் மனைவியும் கூடவே படித்திருக்கிறார். அன்றிரவு எனக்கு அழைப்பு வந்தது, கேப்டனின் எண்ணிலிருந்து. பேசியது மனைவி.

"அண்ணே, நல்லா எழுதியிருக்கீங்க. ஒரே ஒரு சந்தேகம். மார்ச்ல மூணு மெயில் போச்சுன்னு போட்டிருக்கீங்களே, அந்த ஐசிடி இருக்குறது எனக்கு எப்போ தெரியும்னு அவரைக் கேட்டீங்களா?"

கேட்கவில்லை. போனைக் கேப்டனிடம் கொடுக்கச் சொன்னேன். அவர் கொஞ்சம் தொண்டையைச் செருமிவிட்டு, "ஆகஸ்ட்டுண்ணே" என்றார்.